ஆளா மிச்சமா

ஆலடிப்பேரி கடைவீதியில் ஆட்கள் நகர்ந்துபோன பிறகும் அதே ஆட்கள் நின்ற இடத்தில் மிஞ்சி நிற்க ஆரம்பித்தது சித்திரை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி வாக்கில். நான் வாழைப்பழக் கடை செல்லையா, என் கடை வாசலில்தான் முதலில் பார்த்தது. எதிர்ச் சந்துப் பாக்கியம் ஒரு சீப்பு நாட்டுப்பழம் வாங்கி, பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு கிழக்கே போனாள். போன பிறகும் பையை மாற்றுகிற ஒரு பாக்கியம் அங்கேயே நின்றாள், அவளுக்குப் பக்கத்தில் பழத்தை அமுக்கிப் பார்க்கிற ஒரு பாக்கியம், அதற்கும் இந்தப் பக்கம் படியேறுகிற ஒரு பாக்கியம். ஒதுங்கச் சொன்னேன், ஒதுங்கவில்லை. கையை வைத்துப் பார்த்தேன், கை உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது, கொஞ்சம் சில்லென்று இருந்தது. அடுத்த ஆள் பூவன் கேட்டார், எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

காரணம் சாயங்காலத்துக்குள்ளேயே தெரிந்துவிட்டது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வணிகர் சங்கம் வீதியில் ஏழு கேமரா வைத்திருந்தது, ஏழும் சங்கத்து மாடி அறையில் ஒரே கம்ப்யூட்டரில் தெரியும். அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவள் சங்கத்துக்குக் கீழே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த கனகமணி. பாலிடெக்னிக் படித்தவள், முப்பது வயது, வேலை செய்யும்போது திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு இருப்பாளாகையால் பேச்சு குறைவு. கேமராத் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சங்கத் தலைவர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி வந்து திரையைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளே, செவத்துல ஒட்டுன நோட்டீஸ் மாதிரி சும்மா கெடக்கு, வாரவன் அசந்து போவாண்டாமா" என்றார். அதனால் அவள் டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ் அத்தனையும் போட்டாள். ஜன்னலை இழுத்தால் ஈரத்துணி போல நெளியும், மூடினால் புகையாகப் போகும், ஏழு கேமராப் படமும் ஒரு பெட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு சுழலும். பழைய கிராஃபிக்ஸ் கார்டு தாங்கவில்லை, திரை கறுத்துப்போனது. கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஒவ்வொரு வரியாகத் தட்டி, கார்டை இயக்குகிற டிரைவர் மென்பொருளைக் கழற்றி வேறு ஒன்றைப் போட்டாள். சோதனைக்கென்று மூன்று பல்சக்கரங்கள் சுற்றுகிற படம் ஒன்று உண்டாம், அது சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஒழுங்காய்ச் சுற்றியது, விழாவுக்கு வந்தவர்களும் அசந்து போனார்கள். ஆனால் ஒரு ஜன்னலை நகர்த்தினால் அது முன்பு இருந்த இடம் திரையில் அழியவில்லை, ஒன்றன்பின் ஒன்றாக மிஞ்சி நின்றது. திரையில் அழியாதது வீதியிலும் அழியவில்லை.

கனகமணி சரிசெய்யப் பார்க்காமல் இல்லை. எஃபெக்ட்ஸ் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தாள், அப்போதும் மிஞ்சியது. பிழைப் பதிவை எடுத்து இணையத்தில் போட்டு, எங்கள் ஊரில் ஆட்களும் மிஞ்சுகிறார்கள் என்று எழுதிக் கேட்டாள். எந்தத் தேசத்துக்காரரோ ஒருவர், கார்டு பழசு, லினக்ஸின் கர்னல் புதுசு, இதற்கு ஏற்ற பழைய டிரைவரை இப்போது யாரும் வைத்திருப்பதில்லை, தேடிப் பாருங்கள் என்று பதில் போட்டார். நடுவில் ஒரு நாள் கரண்டு போய் மெஷின் அணைந்தபோது வீதியில் இருந்த அத்தனை பேரும் அப்படியே உறைந்து நின்றோம், முக்கால் மணி நேரம், டீக்கடையில் ஆற்றின டீ இரண்டு குவளைக்கும் நடுவே அந்தரத்தில் நின்றது. கரண்டு வந்ததும் டீ குவளையில் விழுந்தது, நாங்கள் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு சங்கம் பெரிய பேட்டரி வாங்கி வைத்தது, அந்த மெஷினை அணைக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அவற்றுக்கு மிச்சம் என்று பேர் வைத்தோம். நாற்பது நாள் நிற்கும், பிறகு வெளுத்துக் கரையும். தீபாவளிக் கூட்டத்தில் இடிபட்டுப் பழகின எங்களுக்கு இதெல்லாம் ஒரு நெரிசலா? ஒரு மாதத்துக்குள் மிச்சத்தை வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டோம். ரேஷன் கடை வரிசையில் போய் நின்று, ஒரு மிச்சத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்தோம். முக்கில் நிற்கவேண்டிய போலீஸ்காரர் காலையில் வந்து விறைப்பாக நின்று ஒரு மிச்சத்தை விட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்தில் தூங்கினார், அவர் இருந்த நாளைவிடக் குற்றம் குறைந்தது. பெரியவர்களுடைய மிச்சத்தின் ஊடே நடக்கக்கூடாது என்று மரியாதை வந்தது. கோயில் வாசலில் சில தெருக்காரர்களுடைய மிச்சம் நிற்கக்கூடாது என்று ஒரு கூட்டம் போட்டார்கள், அந்தத் தெருக்காரர்கள் சுற்றுவழியில் போகவேண்டும் என்று முடிவானது, போனார்கள். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

ஆள் எது, மிச்சம் எது என்று தெரியாமல் முதலில் தடுமாறினோம், அதற்கும் ஒரு வழி பிறந்தது, அதைக் கண்டுபிடித்தவன் நான். மிச்சத்தின் மேல் ஈ உட்காராது. வாழைப்பழக் கடைக்காரனுக்கு ஈயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம், உயிர் இருக்கிற வேர்வையும் பழுத்த பழமும்தான் அதற்குக் கணக்கு. பாக்கியத்துக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அவள் வீதி முழுக்கச் சொன்னாள். அதன்பிறகு ஆலடிப்பேரியில் ஒருத்தரைப் பார்த்துப் பேசுவதற்கு முன்னால் ஈயைத் தேடுவது வழக்கமாகிவிட்டது.

ஆடி மாதம் நாலாம் தேதி பொன்னுலிங்கம் அண்ணாச்சி தன் மண்டியில் மூட்டை தூக்குகிற முத்துக்குட்டியைக் கொன்றார். மழையில் நனைந்த மல்லி மூட்டையைக் காட்டித் தூக்கச் சொன்னார். "ஈர மூட்ட அண்ணாச்சி, முதுகு தாங்காது, காஞ்ச பொறவு தூக்குதேன்" என்றான் அவன். அவ்வளவுதான் பேச்சு. அண்ணாச்சி மேசையிலிருந்த ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்துக்கொண்டு இறங்கினார். பட்டப்பகல், கடைவீதி, இரண்டாவது கேமராவுக்கு நேர் கீழே. முத்துக்குட்டி விழுந்த பிறகு பார்த்தால் மேசையிலிருந்து படி வரைக்கும் ஒன்பது பொன்னுலிங்கம் வரிசையாக நின்றார்கள்: எழுந்திருக்கிற ஒருத்தர், கல்லில் கை வைக்கிற ஒருத்தர், படியிறங்குகிற நாலு பேர், கை தோளுக்கு மேல் போனவர், தலைக்கு மேல் போனவர், கடைசியில் வெறுங்கையோடு ஒருத்தர். எதிரில் நாலு முத்துக்குட்டி: தலைத்துண்டை அவிழ்க்கிறவன், திரும்புகிறவன், முழங்கால் மடிகிறவன், கிடக்கிறவன். உடம்பை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன பிறகும் அந்த நாலாவது ஆள் அங்கேயே கிடந்தான்.

படியில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்ததாகப் போலீஸில் எழுதினார்கள். கேமராப் பதிவு இருந்த டிஸ்க்கை எடுத்துப் போய், அதில் ஒன்றும் இல்லை என்றும் எழுதினார்கள். ஆனால் வீதியில் நின்ற வரிசையை யாரும் எடுத்துப் போகமுடியாது, அதன் மேல் ஒன்றும் எழுதவும் முடியாது. முத்துக்குட்டியின் பெண்சாதி உலகம்மாள் கோட்டாட்சியருக்கு மனுக் கொடுத்தாள், ஐயா நேரில் வந்து ஒரு தடவை பார்த்தால் போதும் என்று. அவர் வருவதாகச் சொல்லி இரண்டு தடவை தள்ளிப்போட்டார். மூன்றாவதாகக் குறித்துக் கொடுத்தது ஒரு வியாழக்கிழமை, முப்பத்தொன்பதாம் நாள். அதற்கு அடுத்த நாளைக்கு அடுத்த நாள் பார்க்க ஒன்றும் இருக்காது.

அவள் தினமும் வந்து கிடக்கிற முத்துக்குட்டிக்குப் பக்கத்தில் மண்டிப் படியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சங்கம் அந்த வரிசையை மறைத்து அண்ணாச்சியின் அறுபதாம் பிறந்தநாள் பேனரைக் கட்டியது, அவள் அவிழ்த்துப் போட்டாள். தார்ப்பாய் கட்டினார்கள், அவிழ்த்தாள். கழுவுகிற சாக்கில் அவள் உட்காருகிற இடத்தில் தண்ணீரை ஊற்றினார்கள், ஈரத்திலேயே உட்கார்ந்தாள். அத்தனை நாளில் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்த ஆள் எங்கள் வீதியில் கிடையாது, நானும் கொடுக்கவில்லை, என் கடையில் கறுத்துப்போன பழத்தை மாட்டுக்குப் போட்டேன். வருகிற உலகம்மாள், உட்காருகிற உலகம்மாள், கொண்டையை முடிகிற உலகம்மாள் என்று அவளுடைய மிச்சங்களே அங்கே ஒரு கூட்டமாக நின்றன.

ஒரு நாள் அவள் கனகமணியின் கடைப்படியில் நின்று கேட்டது என் காதில் விழுந்தது.

"பிள்ளே, நீ மெஷின சரி பண்ணிட்டியன்னா அது எல்லாம் அழிஞ்சிருமாமே."

கனகமணி வாயிலிருந்த திருகாணியை எடுத்துவிட்டுச் சொன்னாள். "அழிஞ்சிரும்க்கா."

"வியாழக்கெழம வரைக்கும் விட்டு வையி. அவரு வந்து கண்ணால பாத்துரட்டும். அதுக்குப் பொறவு நீ என்ன வேணும்னாலும் செஞ்சிக்கோ."

"அவரு பாத்து எழுதிட்டுப் போன பொறவுதான் கை வப்பேன். நீங்க பயப்படாதீங்க."

அந்த வாக்கை அவள் காப்பாற்றியிருப்பாள். நாங்கள்தான் விடவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் திருநெல்வேலிக்குப் போயிருந்தாள், பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்த வாத்தியார் ஒருவர் அந்தப் பழைய டிரைவரைப் பென் டிரைவில் பத்திரமாக வைத்திருப்பதாகத் தகவல் கிடைத்து. அன்று சாயங்காலம் சங்கத்தில் கூட்டம் நடந்தது. மிச்சத்தால் வியாபாரம் கெடுகிறது என்றார் ஒருத்தர். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றார் இன்னொருத்தர். நாலு மாதமாக மிச்சத்தை வைத்துப் பிழைத்தவர்களுக்கு அன்றைக்கு ஒரே நாளில் அது ஆகாமல் போயிற்று. அண்ணாச்சி பேசவேண்டிய தேவையே வரவில்லை.

இதுவரைக்கும் ஒன்றைச் சொல்லாமலேயே வந்தேன். அந்த வரிசையில் அண்ணாச்சியும் முத்துக்குட்டியும் மட்டும் இல்லை. சுற்றிலும் நாங்கள் நின்றோம், நாற்பத்து மூன்று பேர், வேடிக்கை பார்த்தபடி. ஓடிப்போன பிறகும் எங்கள் மிச்சம் அங்கேயே நின்றது, கையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பாக்கியம் முந்தானையைக் கடித்துக்கொண்டு. நான் படியிலிருந்து மூன்றடி தூரத்தில் நிற்கிறேன். பாதி உரித்த பழம் கையில் இருக்கிறது, மீதி வாயில் இருக்கிறது. ஒன்பது பொன்னுலிங்கத்துக்கும் ஒன்பது தடவை அடியெடுத்து வைக்க நேரம் இருந்தது, எனக்கு ஒரு தடவை கை நீட்ட நேரம் இருந்தது, அதை யார் பார்த்தாலும் தெரியும். திரும்புகிற இரண்டாவது முத்துக்குட்டி என்னைத்தான் பார்க்கிறான். முப்பத்தேழு நாளாக என் கடையில் உட்கார்ந்து நான் அந்தப் பார்வைக்கு எதிரில்தான் வியாபாரம் செய்தேன். அதை ஒரு அதிகாரி வந்து பார்ப்பதையும் பெயர் பெயராகக் கேட்டு எழுதுவதையும் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது, கூட்டத்தில் கையைத் தூக்கினேன். நாற்பத்து மூன்று கையும் உயர்ந்தன.

புதன்கிழமை மத்தியானம் கனகமணி பஸ்ஸை விட்டு இறங்கினாள். சங்கச் செயலாளர் குடையோடு எதிரே போய், "காலையிலேயே கோட்டாட்சியர் வந்துட்டாரும்மா, ஒரு நாள் முந்தியே. பாத்தாரு, எழுதுனாரு, போட்டா எடுத்துக்கிட்டாரு" என்றார். அவள் நம்பவில்லை. டீக்கடையில் கேட்டாள், வந்தார் என்றார்கள். பாத்திரக்கடையில் கேட்டாள், வெள்ளைக் காரில் வந்தார் என்றார்கள். பாக்கியத்தைக் கேட்டாள், தன்னிடம்கூட நாலு வார்த்தை விசாரித்தார் என்றாள் அவள். உலகம்மாள் எங்கே என்று கேட்டதற்கு, வாக்குமூலம் கொடுக்க அவரோடேயே காரில் ஏறிப் போய்விட்டாள் என்று சொன்னது நான். ஒரு ஊரே சேர்ந்து சொன்னால் ஒரு பெண் என்ன செய்வாள்? மாடிக்குப் போனாள்.

உலகம்மாள் எங்கேயும் போகவில்லை. மூன்று ராத்திரி தூங்காமல் அந்த வரிசையைக் காவல் காத்தவள், விடிந்தால் வியாழக்கிழமை என்ற நிம்மதியில், மண்டிப் படியில் சாய்ந்து, கிடக்கிற முத்துக்குட்டியின் தலைப்பக்கம் ஒரு கையை வைத்தபடி, அவளுடைய மிச்சங்களுக்கு நடுவில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கனகமணி மைக்கில் பேசினாள். மெஷினை அணைக்கப் போவதில்லை, திரையை வரைகிற பகுதியை மட்டும் நிறுத்தி, புது டிரைவரோடு தொடங்கப் போகிறாள். தொடங்குகிற அந்த நிமிஷத்தில் அசைகிறதை மட்டும் மெஷின் புதிதாக வரையும், சுவரும் தரையும் சாமானும் தவிர அசையாமல் இருக்கிறது எல்லாவற்றையும் மிச்சம் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். அதனால் எல்லோரும் நடந்துகொண்டே இருங்கள் என்றாள். வீதியில் நாலு ஒலிபெருக்கி. மண்டி முன்னால் இருந்ததன் ஒயரை யாரோ பிடுங்கியிருந்தார்கள். யாரென்று தெரியும், சொல்லமாட்டேன். நாங்கள் நடந்தோம், கிழக்கே போய் மேற்கே வந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, செக்கு மாடுகளாகச் சுற்றினோம்.

அவள் மாடி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். திரையில் ஆளும் மிச்சமும் ஒன்றுபோலத்தான் தெரியுமாம்.

"செல்லையா அண்ணாச்சி, மண்டிப் படியில உலகம்மாக்கா உக்காந்திருக்க மாதிரி இருக்கே. அது ஆளா மிச்சமா?"

நடந்துகொண்டே கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு ஈ அவள் கன்னத்தில் உட்கார்ந்திருந்தது. கன்னத்திலிருந்து உதட்டோரத்துக்கு நடந்து வந்தது, காலைத் தேய்த்துக்கொண்டது, மறுபடியும் கன்னத்துக்கே போனது. என் பின்னால் நடந்து வந்த பாக்கியமும் அதைப் பார்த்தாள். எழுப்ப ஒரு தட்டுப் போதும், பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூடப் போதும்.

"மிச்சம்தாம் தாயி" என்றேன்.

கனகமணி ஜன்னலைச் சாத்தினாள். உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. வீதி ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது போல் இருந்தது. திறந்தபோது ஒன்பது பொன்னுலிங்கமும் இல்லை, நாலு முத்துக்குட்டியும் இல்லை, பழத்தோடு நின்ற நானும் இல்லை, உலகம்மாள் இல்லை. படி கழுவி விட்டதுபோல் இருந்தது. அந்த ஈ மட்டும் உட்கார இடம் தேடிச் சுற்றிவிட்டு என் கடைப் பக்கம் வந்தது.

மறுநாள் கோட்டாட்சியர் சொன்ன நேரத்துக்கு வந்தார், காரும் வெள்ளைதான். வீதியைப் பார்த்தார், படியைப் பார்த்தார், மனுக் கொடுத்த அம்மா எங்கே என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றோம். அரை மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டு, மனுதாரர் ஆஜராகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார். கனகமணி கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"ஈ இருந்துச்சா அண்ணாச்சி?"

நான் பழத்தின் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினேன். அவள் அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை. மாடிக்குப் போய்ச் சாயங்காலம் வரைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள், பிறகு இறங்கிக் கடையைப் பூட்டிச் சாவியைப் படியில் வைத்துவிட்டு, ஐந்தரை பஸ்ஸில் ஏறிப் போனாள். திரும்பி வரவில்லை.

அவள் செய்துவிட்டுப் போனது அடுத்த நாள் தெரிந்தது. பழுதான அந்த டிரைவரையே மறுபடி போட்டிருந்தாள், ஆட்கள் மறுபடி மிஞ்ச ஆரம்பித்தார்கள். கூடவே திரையை வரைகிற பகுதி தானாக நின்று தானாகத் தொடங்கும்படி எழுதியிருந்தாள், நாளைக்குப் பல தடவை, எந்த நேரத்தில் என்று ஒரு ஒழுங்கும் இல்லாமல். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. வெளியூரிலிருந்து மூன்று பேரை வரவழைத்தோம், மூன்று பேரும் மெஷினை அணைத்தால்தான் உள்ளே போகமுடியும் என்றார்கள், அணைத்தால் நாங்கள் உறைந்துபோவோம், யார் வந்து திரும்பப் போடுவது என்ற பயத்தில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டோம். முதலில் போனது செயலாளர், அசையாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர். பிறகு டீக்கடை பெஞ்சில் கண் அசந்த இரண்டு பேர். பிறகு கணக்கில்லை.

அதனால் எங்கள் கடைவீதியில் இப்போது யாரும் நிற்பதில்லை. நடந்துகொண்டே விற்கிறோம், நடந்துகொண்டே வாங்குகிறோம், பந்தியில் உட்கார்ந்தவர்கள் இடதும் வலதுமாக ஆடிக்கொண்டே சாப்பிடுகிறார்கள், இந்த வழியாகப் பிணம் போனால் தூக்குகிறவர்கள் அதையும் ஆட்டிக்கொண்டே போகிறார்கள், காடு போய்ச் சேரும் வரைக்கும் இருக்கவேண்டுமே. பொன்னுலிங்கம் அண்ணாச்சிக்கு ஒரு குறையும் இல்லை. மண்டியில் தேக்கு ஊஞ்சல் போட்டிருக்கிறார், மூட்டை தூக்குகிற ஆட்கள் முறை வைத்து ஆட்டுகிறார்கள், நன்றாகத் தூங்குகிறார்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது, வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. இத்தனையும் சொல்லிக்கொண்டே வந்ததில் கால் தாங்காமல் இந்த மண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன், ஒரு நிமிஷம் என்றுதான் உட்கார்ந்தேன். முதுகைச் சாய்த்ததும் உடம்பு கனத்துவிட்டது, விரலை அசைக்கக்கூட மனசு வரவில்லை. பாக்கியம் தன் சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கே இருந்து நடந்து வருகிறாள்.

"யம்மா, செல்லையா மாமா உக்காந்திருக்காரு. அது ஆளா மிச்சமா?"

பாக்கியம் நடையை நிறுத்தாமல் கிட்டே வந்து என் முகத்தைப் பார்க்கிறாள். என் கன்னத்தில் ஈ இருக்கிறது, காலைத் தேய்த்துக்கொள்வது எனக்கே தெரிகிறது, அவளும் பார்த்துவிட்டாள்.

"மிச்சம்தாம்ட்டி. நிக்காம நட."